தோடம்பழத்தைக் கசக்க வைத்த நுரை: பற்பசையும் நாக்கும், ஒரு சிறு வரலாறு



காலையில் பல் விளக்கிய கையோடு தோடம்பழச் சாறு குடித்திருக்கிறீர்களா? குடித்தவர்களுக்கு அந்தக் கசப்பு மறந்திருக்காது. தேசிக்காய் பிழிந்த பிளேன்டீ என்றாலும் அதே கதைதான். சீனி போட்டிருக்கும், ஆனால் இனிப்பைக் காணோம். புளிக்க வேண்டிய தேசிக்காய் கசக்கும். வகுப்பில் பிள்ளைகளிடம் காரணம் கேட்டால் பாதிப் பேர் "புதினா சேர்" என்று சொல்லுவார்கள். புதினாவுக்கு இதில் பங்கு குறைவு. வேலையைச் செய்வது நுரை. அந்த நுரை நம் வாய்க்குள் எப்படி வந்தது என்று தேடிப் போனால் ஜேர்மனியின் துணி ஆலைகள், அமெரிக்க விளம்பரக்காரர்கள், ஊட்டியில் இருந்த ஓர் ஆங்கிலேய இரசாயனவியலாளர், நம் ஊர் வேலியில் படரும் ஒரு கொடி என்று கதை எங்கெங்கோ போகிறது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் நுரை வருவதற்கு முந்திய காலம்.

நம் மூத்தும்மாமார், மூத்தப்பாமார் பல் விளக்கியதெல்லாம் உமிக்கரி, அடுப்புக்கரி, உப்பு, வேப்பங்குச்சி, ஆலங்குச்சி. ஆலையும் வேலையும் சேர்த்துச் சொல்லும் பழமொழி எல்லோருக்கும் தெரியும். இரண்டும் துவர்ப்பான குச்சிகள். துவர்ப்பு என்பது வாயைச் சுருக்கிப் பிடிக்கும் உணர்வு. மரப்பட்டையில் இருக்கும் தனின் என்ற பொருள் உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் அது உண்டாகிறது. தமிழில் அதையும் சேர்த்து அறுசுவை என்று எண்ணினார்கள். இன்றைய விஞ்ஞானம் துவர்ப்பைச் சுவைப் பட்டியலில் வைப்பதில்லை, தொடு உணர்வு என்கிறது. நமக்கென்னவோ பழைய கணக்கே வாய்க்குப் பொருத்தமாகப் படுகிறது.

முஸ்லிம் வீடுகளில் இதோடு மிஸ்வாக்கும் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் மிக வலியுறுத்திய சுன்னத் என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை. அந்த மரம் அரபு நாட்டுக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டின் வரண்ட கரையோரப் பகுதிகளிலும் அது வளர்கிறது. சிங்களத்தில் மலித்தன் என்பார்கள். யால காட்டுப் பக்கம் போனவர்கள் பார்த்திருக்கலாம். மிஸ்வாக் குச்சியை மென்றால் கடுகு போல ஒரு மெல்லிய காரம் வரும். கடுகுக் குடும்பத்துச் செடிகளில் இருப்பது போன்ற ஒரு பொருள் அந்த வேரில் இருப்பதே காரணம். அந்தக் காரம் சில நிமிடத்தில் போய்விடும். பின்னால் குடிக்கிற தேநீர் தேநீராகவே இருக்கும், பேரீத்தம்பழம் பேரீத்தம்பழமாகவே இனிக்கும்.

பிறகு பற்பொடி வந்தது. கோபால் பற்பொடியின் ரோஸ் நிறமும் இனிப்பும் நம் வயதுக்காரர்களின் நாக்கில் இன்னும் இருக்கும். பல்லில் தேய்த்ததை விடத் தின்றது கூட என்று சொல்லிச் சிரிக்கும் பெரியவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். பல் விளக்குவது இனிப்பாகவும் இருக்கலாம் என்று நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காட்டியது அதுதான்.

பழையது என்பதால் எல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. கரியும் செங்கல் தூளும் பல்லின் மேற்பூச்சான மிளிரியைத் தேய்த்துவிடும். தேய்ந்த மிளிரி திரும்ப வளராது. உப்புக்கும் உமிக்கரிக்கும் சூத்தைப் பல்லைத் தடுக்கும் சக்தியும் கிடையாது. அந்தக் கால மனிதர்களுக்குப் பல் உறுதியாக இருந்ததென்றால், அவர்கள் சீனி குறைவாகச் சாப்பிட்டதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இனி மேற்கு நாடுகளுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் அங்கே பல் விளக்கியது சுண்ணக்கட்டித் தூளாலும் சவர்க்காரத்தாலும். ஆமாம், சவர்க்காரமேதான். துணி வெளுப்பதைப் போலவே பல்லுக்கும் என்ற எண்ணம். 1873இல் கோல்கேட் நிறுவனம் பற்பசையைப் போத்தலில் அடைத்து விற்றது. வீட்டில் எல்லோரும் ஒரே போத்தலுக்குள் பிரஷ்ஷை விட்டு எடுப்பார்கள். அந்த நாற்றத்தை நினைத்துப் பார்க்கலாம். ஓவியர்களின் வர்ணத்துக்காக ஜோன் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841இல் கண்டுபிடித்த, அமுக்கினால் பிதுங்கும் தகரக் குழாய்தான் பிறகு பற்பசைக்கும் வந்தது. கோல்கேட் 1896இல் குழாய்க்கு மாறியது. ஆனால் உள்ளே இருந்தது இன்னும் சவர்க்காரம் கலந்த பசைதான். சவர்க்காரத்தின் சுவையை மறைக்க புதினா எண்ணெய், கராம்பு எண்ணெய், கறுவா எண்ணெய் என்று வாசனைகள் சேர்ந்தன. பற்பசைக்கு ஏன் வாசனை வந்தது என்று கேட்டால், அதன் சொந்தச் சுவையை மூடி மறைக்க என்பதே விடை.

இனிப்பும் அப்படித்தான். பல்லுக்குப் பூசும் பொருளில் சீனி போட முடியாது. வாயிலிருக்கும் பக்றீரியாவுக்கு அது விருந்து. 1879இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கொன்ஸ்டன்டீன் ஃபால்பேர்க் என்பவர் ஆய்வுகூட வேலை முடித்து, கையைச் சரியாகக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தார். பாண் இனித்தது. சக்கரின் பிறந்தது அப்படி. சூத்தையாக்காத அந்த இனிப்பு பற்பசைக்கு அளவெடுத்துத் தைத்தது போல அமைந்தது. ஆய்வுகூடத்தில் கை கழுவுங்கள் என்று நாங்கள் தினமும் சத்தம் போடுகிறோம். இந்தக் கதையைப் பிள்ளைகளிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒவ்வொரு வருடமும் யோசனைதான்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெப்சொடென்ட் பற்பசைக்கு விளம்பரம் எழுதியவர் குளோட் ஹொப்கின்ஸ். பல்லின் மேல் ஒரு படலம் இருக்கிறது, நாக்கால் தடவிப் பாருங்கள் என்று மக்களைப் பிடித்தவர் அவர். 1927இல் வெளிவந்த தன் சுயசரிதையில் அந்தப் படலத்தைத்தான் தன் வெற்றிக்குக் காரணமாகக் காட்டுகிறார். பழக்கங்களைப் பற்றி 2012இல் புத்தகம் எழுதிய சார்ள்ஸ் டுஹிக் வேறு விளக்கம் தருகிறார். பெப்சொடென்டில் சித்திரிக் அமிலமும் புதினா எண்ணெயும் இருந்தன, அவை தந்த சுரீரென்ற உணர்வுக்கு மக்களின் வாய் பழகியது, அந்த உணர்வு வராவிட்டால் பல் துப்புரவாகவில்லை என்று தோன்றத் தொடங்கியது என்கிறார். எங்களுக்கு டுஹிக் சொல்வதே நியாயமாகப் படுகிறது. இன்றைக்கும் நம் வீடுகளில் பற்பசையைப் பிள்ளை "எரியுது" என்று துப்பினால், "எரிஞ்சாத்தான் கிளீன் ஆகுது" என்று சொல்லும் உம்மாமார் இருக்கிறார்களே.

இனி நுரை.

1931இல் புரொக்டர் அன்ட் கேம்பிள் நிறுவனத்தின் ரொபர்ட் டங்கன் ஜேர்மனிக்குப் போனார். அங்கே துணி ஆலைகளில் சாயம் நன்றாக ஊறுவதற்காகச் செயற்கையாகச் செய்த ஒரு பொருளைக் கண்டார். அதன் உரிமையை வாங்கி, 1933இல் ட்ரெஃப்ட் என்ற சலவைத் தூளும் 1934இல் ட்ரீன் என்ற ஷாம்பூவும் வந்தன. சவர்க்காரம் போலவே நுரைக்கும், ஆனால் சவர்க்காரத்தைப் போலக் கடின நீரில் தயிராகத் திரிந்து படியாது. இந்தக் குடும்பத்தில் பேர் போனதுதான் சோடியம் லோரைல் சல்பேற்று. பெயர் பயங்கரமாக இருந்தாலும் பூர்வீகம் நமக்கு நெருக்கமானது. லோரிக் அமிலத்திலிருந்து அதைச் செய்கிறார்கள். லோரிக் அமிலம் நிறைய இருப்பது தேங்காய் எண்ணெயில். தேங்காய் எண்ணெயின் ஏறக்குறையப் பாதி அதுவே.

அடுத்ததாக அதைப் பல்லில் சோதித்துப் பார்த்தார்கள். 1938இல் டீல் என்ற திரவப் பற்சுத்தி சந்தைக்கு வந்தது. தேய்க்கும் தூள் ஏதும் இல்லை, வெறும் நுரைதான். கொஞ்சக் காலத்தில் பாவித்தவர்களின் பல் கபில நிறமாகத் தொடங்கியது. வேறு பற்தூளும் இடையிடையே பாவியுங்கள் என்று கம்பனியே சொல்ல வேண்டிய நிலை. டீல் காணாமல் போனது. ஆனால் அதிலிருந்து ஒரு விடயம் தெளிவானது: நுரை மட்டும் பல்லைத் துப்புரவாக்காது. வேலை செய்வது பிரஷ்ஷின் நாரும் பசையிலுள்ள மென்மையான தூளும். நுரை பசையை வாயெல்லாம் பரப்பும், அழுக்கைத் தளர்த்தும். அதோடு சரி. அப்படியிருந்தும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பற்பசையில் சவர்க்காரம் இருந்த இடத்தை இந்தச் செயற்கை நுரைப் பொருள்கள் பிடித்துக்கொண்டன. இன்றைய பசைகளில் அது பெரும்பாலும் நூற்றுக்கு அரையிலிருந்து இரண்டு பங்கு வரைதான். நாக்கைக் குழப்ப அவ்வளவு போதும்.

எப்படிக் குழப்புகிறது என்று அறிய நம் வேலிப் பக்கம் வர வேண்டும்.

சிறுகுறிஞ்சாக் கொடி உங்களுக்குத் தெரியும். சிங்களத்தில் மஸ்பெத்த. சீனி வருத்தத்துக்கு நாட்டு வைத்தியர் கொடுக்கும் இலை. அந்த இலையை மென்றுவிட்டு ஒரு கரண்டி சீனியை வாயில் போட்டால் மணலைப் போட்டது போல இருக்கும். இனிப்பே தெரியாது. இந்தியாவில் இதைக் கவனித்த எட்ஜ்வர்த் என்ற ஆங்கிலேயரின் அனுபவம் 1847இல் இலண்டன் மருந்தியல் சங்கத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. பிறகு ஊட்டியில் குயினைன் ஆய்வுக்காக அரசாங்கம் நியமித்திருந்த டேவிட் ஹூப்பர் இலையை ஆராய்ந்து, அந்த வேலையைச் செய்யும் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். 1887இல் அது வெளிவந்தது. கொடியின் இலத்தீன் பெயரை வைத்து ஜிம்னெமிக் அமிலம் என்று அதற்குப் பெயர். நம் வைத்தியர்களுக்கும் பாட்டிமாருக்கும் அதற்கு முன்பே தெரிந்த இலைதான். ஆனால் எழுதி வைத்தவர் பெயரில்தான் வரலாறு நிற்கிறது.

1980இல் அமெரிக்காவில் ஜோன் டிசிமோன், ஜெரார்ட் ஹெக், லிண்டா பார்ட்டோஷுக் ஆகிய மூவர் இந்த இலையின் அமிலத்தையும் பற்பசையின் நுரைப் பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். வேலி இலையும் பற்பசையும் ஒரே ஆய்வில்! காரணம் இருந்தது. இரண்டும் நீரின் மேற்பரப்பில் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் பொருள்கள். இலை இனிப்பை மட்டும் குறிவைத்து அழித்தது. நுரைப் பொருள் அவ்வளவு நிதானம் இல்லாதது. இனிப்பை மங்கச் செய்தது, உப்பின் உவர்ப்பைக் குறைத்தது, குயினைனின் கசப்பைக்கூடக் கொஞ்சம் குறைத்தது. ஆனால் சித்திரிக் அமிலத்தில் மட்டும் வேறு மாதிரி விளையாடியது. புளிப்போடு ஒரு கசப்பைச் சேர்த்துக் கொடுத்தது.

தோடம்பழத்தின் புதிர் இங்கேதான் அவிழ்கிறது. தோடம்பழம் என்பது இனிப்பும் சித்திரிக் அமிலமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் பழம். நுரை இனிப்பைத் தள்ளிவிடுகிறது, அமிலத்துக்குக் கசப்பைப் பூசுகிறது. தேசிக்காய்ப் பிளேன்டீயிலும் அதேதான். நுரைப் பொருள் கசப்புணர்வை எல்லா உணவிலும் கூட்டிவிடுகிறது என்று இணையத்தில் சுற்றும் விளக்கம் பாதிதான் சரி. கூட்டுவதாக இருந்தால் குயினைன் இன்னும் கசந்திருக்க வேண்டுமே. நாக்கின் கலங்களை மூடியிருக்கும் கொழுப்புப் படலத்தில் இது கை வைப்பதால் இப்படி ஆகிறது என்பது விஞ்ஞானிகள் தரும் விளக்கம். கெட்டது ஏதும் நிரந்தரமாக நடப்பதில்லை. உமிழ்நீர் கழுவக் கழுவ, பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் நாக்கு பழைய நிலைக்கு வந்துவிடும்.

புதினாவை விட்டுவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். புதினாவிலுள்ள மென்தோல் சுவையரும்பைத் தொடுவதே இல்லை. குளிரை உணரும் நரம்பை அது ஏமாற்றுகிறது. அந்த நரம்பிலுள்ள வாசல் 2002இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் ஈடுபட்ட டேவிட் ஜூலியஸ், பெய்ரூட்டில் பிறந்த ஆர்டெம் பட்டபூட்டியன் இருவருக்கும் வெப்பம், தொடுகை பற்றிய ஆய்வுகளுக்காக 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. நோன்பு காலத்தில் ஸஹர் சாப்பிட்டு, பல் விளக்கி, பாங்குக்கு முந்திக் கடைசி மிடறு தண்ணீர் குடிக்கும்போது சாதாரணத் தண்ணீரே ஐஸ் போட்டது போல இருப்பது இதனால்தான்.

இடையில் ஒரு விடயம். நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு, ஓரத்தில் புளிப்பு என்று படம் வரைந்து இன்னும் சில இடங்களில் படிப்பிக்கிறார்கள். 1901இல் ஒரு ஜேர்மன் ஆய்வாளர் கண்ட சிறு வித்தியாசங்களைப் பின்னால் வந்தவர்கள் ஊதிப் பெருக்கிய படம் அது. எல்லாச் சுவையும் நாக்கின் எல்லாச் சுவையரும்புப் பகுதிகளிலும் தெரியும். பிள்ளைகளின் கொப்பியில் அந்தப் படத்தைக் கண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

சரி, தோடம்பழம் கசந்தால் என்ன, இதில் என்ன பெரிய விடயம் என்று கேட்பீர்கள்.

நம் வீடுகளில் காலை எழும்பிப் பல் விளக்கியதும் முதலில் தொண்டையில் இறங்குவது சீனி போட்ட தேநீர். நாக்கு இனிப்பை மங்கலாக உணரும் அதே அரை மணித்தியாலத்தில்! "இனிப்புப் போதாது" என்று இன்னொரு கரண்டி போடுகிறோம். இது எங்கள் ஊகம், யாரும் அளந்து சொன்னதல்ல. ஆனால் வீட்டுக்கொரு சீனி வருத்தக்காரர் இருக்கும் ஊரில் கவனிக்க வேண்டிய ஊகம். பல் விளக்கிக் கொஞ்சம் பொறுத்துத் தேநீர் குடித்துப் பாருங்கள். எத்தனை கரண்டி தேவைப்படுகிறது என்று நாக்கே சொல்லும்.

இன்னொன்று பிள்ளைகளின் பசை. ஸ்ட்ரோபெரி, பபிள்கம் சுவையில் வருவதைப் பிள்ளைகள் விழுங்குகிறார்கள். கோபால் பற்பொடியைத் தின்றதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இன்றைய பசையில் புளோரைட்டு இருக்கிறது. 1950களின் நடுவில் கிறெஸ்ட் பற்பசையோடு அமெரிக்காவில் பெரிதாகப் பரவிய புளோரைட்டுத்தான் பற்பசை வரலாற்றில் உண்மையாகப் பல்லுக்கு நன்மை செய்த மாற்றம். சூத்தையைக் குறைத்தது அதுவே. நுரையும் குளிர்ச்சியும் அப்படி எதுவும் செய்யவில்லை. ஆனால் பல் முளைத்து வளரும் வயதில் அது அளவுக்கு மிஞ்சி வயிற்றுக்குள் போனால் பல்லில் வெள்ளை, கபிலப் புள்ளிகள் விழும். அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கங்களில் கிணற்று நீரிலேயே புளோரைட்டு அதிகம். அந்த ஊர்ப் பிள்ளைகளின் பல்லில் அந்தக் கறையை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே இருக்கும் நம் சொந்தக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அரிசி மணியளவு பசை, ஆறு வயது வரை பட்டாணிக் கடலையளவு. விளம்பரத்தில் பிரஷ் நிறையப் பாம்பு போல வளைத்துப் போடுகிறார்களே, அது பசை சீக்கிரம் முடிவதற்கு.

அடிக்கடி வாய்ப்புண் வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1990களில் நோர்வேயின் ஒஸ்லோவில் நடந்த ஆய்வுகளில், இந்த நுரைப் பொருள் இல்லாத பசைக்கு மாறியவர்களுக்குப் புண் குறைந்தது. பிறகு வந்த எல்லா ஆய்வுகளும் அதே முடிவைச் சொல்லவில்லை. ஆனாலும் மாறிப் பார்ப்பதில் நட்டம் இல்லை. பெட்டியின் பின்பக்கத்தில் சேர்மானப் பட்டியல் சின்ன எழுத்தில் இருக்கும். அதில் சோடியம் லோரைல் சல்பேற்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத பசைகளும் கடைகளில் உண்டு. நுரை குறைவாக இருக்கும். முதல் நாலைந்து நாள் பல் விளக்கியது போலவே இருக்காது.

இதையே பிடித்துக்கொண்டு "பற்பசை புற்றுநோய் தரும், எல்லோரும் கரிக்குத் திரும்புங்கள்" என்று வட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அந்த நுரைப் பொருளால் புற்றுநோய் வரும் என்பது 1990களின் இறுதியில் மின்னஞ்சலில் கிளம்பிய வதந்தி. இன்றுவரை ஆதாரம் இல்லை. நம் ஊரில் வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் வெற்றிலை, பாக்கு, புகையிலை. அதை மெல்லும் வாயால் பற்பசையைக் குறை சொல்வதை என்னவென்பது?

மிஸ்வாக் பாவிக்கிறவர்கள் தாராளமாகப் பாவியுங்கள். புளோரைட்டுப் பசையும் ஒரு நாளைக்கு இரு தடவை இருக்கட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. நோன்பில், உச்சி சாய்ந்த பிறகு பல் துலக்குவதை ஷாபிஈ மத்ஹபில் மக்ரூஹ் என்பார்கள். பசை பற்றிய கேள்விகளை உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது எங்கள் பாடம் இல்லை.

வரும் வாரம் தரம் 8 பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டலாம் என்றிருக்கிறோம். தோடம்பழம் இரண்டு, நுரைக்கும் பசை ஒன்று, நுரைக்காத பசை ஒன்று, சிறுகுறிஞ்சா இலை ஒரு பிடி. இலை எங்கள் பக்கம் இப்போது குறைவு. உங்கள் வேலியில் இருந்தால் பாடசாலைக்குக் கொடுத்து விடுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் உமிக்கரியோடு என்னென்ன சேர்த்து இடித்தார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். ஒரு வீட்டில் கராம்பு, ஒரு வீட்டில் மிளகு என்று இதுவரை இரண்டு விதம் கிடைத்திருக்கிறது.